மாண்டோரின் மன்னன்: ஸ்பானிய நூலொன்றின் மதிப்புரை

தம் குலத்து முன்னோருள் ஒருவர் போர்க்களம் புகுந்து பொருதார் என்று கூறிக்கொள்வதில் உவகையுறாதார் உலகில் மிகச் சிலரே. வாள் துருப்பிடித்துப் போயினும் வமிசத்தார் நாவில் அதன் ஒளி மங்குவதில்லை. கிழவியர் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தான் பெரியவனானபின் ஒருநாள் பழைய தஸ்தாவேஜுகள் அடுக்கியுள்ள நிலையத்தின் வாயிலிற் சென்று, “என் பாட்டன் எந்தப் பட்டாளத்தில் இருந்தான்? எங்கே வீழ்ந்தான்?” என்று வினவுகிறான். பெரும்பாலும் அவன் தேடுவது உண்மையையன்று. தான் முன்னரே நம்பியிருப்பதற்கு ஒரு முத்திரை தேடுகிறான். அந்நிய நாட்டானோடு நடந்த போராயின் அம்முத்திரை எளிதிற் கிடைத்துவிடும். உள்நாட்டுப் போராயின் அவ்வாறன்று. அங்கே பாட்டன் சுட்ட குண்டு அடுத்த வீட்டுக்காரனின் பாட்டன்மேற் பாய்ந்திருக்கக்கூடும். கேளாமலே இருந்திருக்கலாம் என்று ஏங்கச் செய்யும் விடையும் அங்கே கிடைக்கக்கூடும்.

அத்தகைய விடையே கிடைக்குமென்று நன்கறிந்தும் கேட்கச் சென்ற ஒருவரின் நூலை ஈண்டு மதிப்பிட எடுத்துக்கொண்டோம். ஹாவியேர் செர்க்காஸ் என்பார் ஸ்பெயின் தேசத்து நாவலாசிரியர், 1962இல் பிறந்தவர். இவர் 2017இல் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழிற் சொல்வதாயின் ‘நிழல்களின் மன்னன்’ எனலாம். ஆன் மக்லீன் அம்மையார் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு ‘மாண்டோர் அனைவர்க்கும் அதிபன்’ என்னும் பொருள்படப் பெயர் தாங்கியிருக்கிறது. ஆசிரியருடைய தாயாரின் சிறிய தந்தை மனுவேல் மேனா என்னும் வாலிபன். இவன் ஜெனரல் பிராங்கோவின் பட்டாளத்திற் சேர்ந்து போரிட்டு, 1938 செப்டம்பர் 21இல், பத்தொன்பது வயதில் மாண்டான். அவனைப் பற்றிய தேடலே இந்நூல்.

தோட்டத்திலும் பட்டணத்திலுமுள்ள நம் நேயர் சிலர்க்கு அப்போரின் வரலாறு மறந்திருக்கலாமாதலின் சுருங்கச் சொல்வோம். 1931இல் ஸ்பெயினில் மன்னராட்சி ஒழிந்து குடியரசு எழுந்தது. அக்குடியரசு மதத்தையும் சர்க்காரையும் வெவ்வேறாக்கிற்று. பெண்டிர்க்கு வாக்குரிமை நல்கிற்று. 1932இல் மணவிலக்குச் சட்டமும் நிலச் சீர்திருத்தச் சட்டமும் செய்தது. இவற்றைப் பொறாத படைத்தலைவர்கள் 1936 ஜூலை 17இல் ஸ்பெயினின் ஆதீனத்திலிருந்த மொராக்கோ நாட்டிற் கலகந்தொடங்கினர். ஹிட்லரும் முசோலினியும் கலகக்காரர்க்கு விமானமும் ஆளும் அனுப்பினர். 1939 ஏப்ரல் முதல் தேதி குடியரசு முற்றும் வீழ்ந்தது. அதன்பின் 1975 நவம்பரில் தான் இறக்கும்வரை பிராங்கோ அந்நாட்டை ஆண்டார். சீர்திருத்தம் விழைந்தோர் உலகெங்கும் அன்று குடியரசின் பக்கமே நின்றனர். 1938இல் ஜவாஹர்லால் நேரு, கிருஷ்ண மேனனுடன் பார்சலோனா நகருக்கே சென்று கண்டு வந்தார். நாமும் எந்தப் பக்கம் என்பதிற் ஐயமில்லை. இம்மதிப்புரையை எழுதுவோன் நடுவு நின்று எழுதுவதாகப் பாசாங்கு செய்யப் போவதில்லை.

நிற்க. இந்நூலைப் பற்றிப் பேசுமுன் இதே ஆசிரியரின் வேறிரண்டு நூல்களை நினைவுகூர்தல் வேண்டும். 2001இல் வந்த ‘சலாமீஸ் வீரர்கள்’ என்பது அவருக்கு உலகப் புகழ் ஈட்டித் தந்தது. பலாங்கே என்னும் பாசிசக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவரும் எழுத்தாளருமான சான்செஸ் மாஸாஸ், 1939 ஜனவரியில், தோற்றோடிய குடியரசுப் படையினரின் துப்பாக்கி வரிசைமுன் நிறுத்தப்பட்டுத் தப்பியோடினார். காட்டில் ஒளிந்திருந்த அவரைக் கண்ட குடியரசுச் சிப்பாய் ஒருவன், முகத்துக்கு முகம் பார்த்தும் காட்டிக்கொடாமற் போய்விட்டான். அச்சிப்பாய் யாவன் என்று தேடுவதே அந்நாவல். 2014இல் வந்த ‘வேஷதாரி’ என்பதோ, ஜெர்மானியரின் வதைமுகாமில் இருந்து மீண்டதாகப் பல்லாண்டு பொய் சொல்லிப் போற்றப்பட்டு, 2005இல் ஒரு சரித்திர ஆராய்ச்சியாளரால் அம்பலமான என்ரிக் மார்க்கோ என்பவரைப் பற்றியது. முதல் நூலில் பெயரறியாத ஒருவனின் நற்செயலைத் தேடினார். இரண்டாவதில் பெயர்பெற்ற ஒருவரின் பொய்யைத் தேடினார். மூன்றாவதாகத் தம் வீட்டுக் கதவைத் தாமே தட்டியிருக்கிறார். ஊரார் வீட்டுப் பரணையெல்லாம் துழாவியபின் தம் வீட்டுப் பரணில் ஏற இவருக்கு இத்தனை காலம் சென்றது. அதனை அவரே மறைக்காமல் ஒப்புகிறார். தம் குடும்பம் பிராங்கோவின் பக்கம் நின்ற குடும்பம் என்னும் வெட்கமே தம்மைத் தடுத்தது என்கிறார்.

மனுவேல் மேனாவின் ஊர் இபாஎர்னாண்டோ. இது ஸ்பெயினின் மேற்கே எஸ்த்ரெமதூரா பிரதேசத்திலுள்ள ஒரு வறண்ட சிற்றூர். இளைஞன் பலாங்கே கட்சியின் கொள்கையில் மயங்கிப் பட்டாளத்திற் சேர்ந்தான். பின்னர் ‘தற்காலிகத் துணை லெப்டினன்டு’ ஆனான். போர் நீள நீள அதிகாரிகள் போதாமையால், சிறிது கல்வியுடைய வாலிபரைத் திரட்டிச் சில வாரப் பயிற்சியளித்து உத்தியோகத் தோள்பட்டை சூட்டி முன்வரிசைக்கு அனுப்பும் ஏற்பாடு அது. ‘தற்காலிக அதிகாரி, நிரந்தரப் பிணம்’ என்று அக்காலத்துப் பட்டாளத்தாரே கசந்து சொல்லிக்கொண்டனராம். மேனா சேர்ந்தது ஈப்னித் துப்பாக்கி வீரர் படையின் முதற்பிரிவு. போரிற் பெரியதான எப்ரோ நதிப் போர் 1938 ஜூலை 25 தொடங்கி நவம்பர் 16வரை நடந்தது. அதில் காயமுற்று, போட் என்னும் ஊரில் ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டிருந்த வீடொன்றில் உயிர் விட்டான். எஞ்சியவை பட்டாள உடுப்பில் எடுத்த புகைப்படமும் சில காகிதங்களும், அவனை உயிரினும் இனியனாய்க் கருதிய சிறுமியொருத்தியின் நினைவுமே. அச்சிறுமியே நூலாசிரியரின் தாயார்.

நூற்பெயர் கிரேக்கப் பெருங்காவியமான ஒடிஸ்ஸியின் பதினோராம் காண்டத்தை அடியொற்றியது. இளமையில் வீரமரணம் எய்தி அழியாப் புகழ் பெற்ற அக்கிலீஸ், கீழுலகில் ஓடிஸ்யூஸைக் கண்டபோது, மாண்டார் அனைவர்க்கும் மன்னனாக இருப்பதினும் உயிரோடு ஓர் ஏழையிடம் கூலியாளாக இருத்தலே மேல் என்னும் கருத்துப்படப் பேசுகிறான். இலியாதின் வீரனை ஒடிஸ்ஸியில் அக்கவியே இவ்வாறு பேச வைத்துவிட்டார். இளமையும் அழகும் குன்றாமுன் போரில் மடிவதை ‘அழகிய சாவு’ என்று போற்றியவர் கிரேக்கர். செர்க்காஸின் தாயாருக்குத் தம் சிறிய தந்தை அத்தகைய அழகிய சாவு எய்திய வீரன். மகனுக்கோ அவன் அநீதிக்காக வீணே மடிந்த சிறுவன். தாய் இலியாதைப் படிக்கிறார். மகன் ஒடிஸ்ஸியைப் படிக்கிறார். நூலின் உயிர்நாடி இந்த முரண்பாடே.

இதனைப் படிக்கையில் நம் புறநானூறு நினைவுக்கு வராமற் போகாது. மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டுச் சினந்து, களத்திற் பிணங்களைப் புரட்டித் தேடி, சிதைந்து கிடந்த அவனைக் கண்டு ஈன்ற ஞான்றினும் பெரிதுவந்த தாயைப் பாடிய நச்செள்ளையாரை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். யாமும் புகழ்ந்ததுண்டு. ஆனால் அம்மகன் எதற்காகப் பொருதான், அவன் பக்கம் நீதி இருந்ததா என்று அப்பாட்டைக் கேட்டவர் யாவர்? பாட்டு அதனைச் சொல்லவில்லை, கேட்பாரும் கேட்பதில்லை. மகன் முதுகில் புண்ணுண்டா மார்பில் புண்ணுண்டா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. செர்க்காஸ் புரட்டுவதும் பிணத்தைத்தான். ஆனால் அவர் புண் எப்பக்கம் என்று பாராமல், துப்பாக்கி எப்பக்கம் திரும்பியிருந்தது என்று பார்க்கிறார். வீரத்தைப் பாடுவது எளிது. வீரத்தின் விலாசத்தைக் கேட்பது அரிது.

இனி, நூலின் அமைப்பைக் கூறுவோம். அத்தியாயங்கள் இருவகைக் குரலில் மாறிமாறி வருகின்றன. ஒருவகையில் ஆசிரியர் ‘நான்’ என்று தொடங்கித் தம் அலைச்சலைச் சொல்கிறார்: சினிமா டைரக்டர் டாவிட் துருவேபாவுடன் மோட்டாரில் ஊர்சென்றது, முதியோரைக் கண்டது, எழுதவா வேண்டாவா என்று தயங்கியது ஆகியன. மற்றொருவகையில் ஒரு சரித்திராசிரியர் எழுதுவதைப்போல் மேனாவின் வாழ்க்கையும் ஊரின் வரலாறும் பட்டாளத்தின் நடமாட்டமும் வருகின்றன. அங்கே ‘ஹாவியேர் செர்க்காஸ்’ என்று ஆசிரியர் தம்மையே அயலானாகக் குறிக்கிறார். தேதி, மணி, குன்று, பிரிவு, கட்டளை இவையன்றி அங்கே வேறில்லை. கடைசி இரவில் மேனா என்ன நினைத்தான், அன்னையை எண்ணினானா என்றெல்லாம் கற்பனை செய்து சொல்ல அக்குரல் மறுக்கிறது. தஸ்தாவேஜு இல்லாத இடத்தில் அது வாய்மூடிக்கொள்கிறது.

இவ்விருவகையுள் குளிர்ந்த குரலிலுள்ள அத்தியாயங்களே சிறந்தன என்பது எமது துணிபு. நாவலாசிரியன் விரும்பினால் பத்தொன்பது வயதுப் பையன் சாகுங் காட்சியைப் பத்துப் பக்கம் எழுதிப் படிப்போரை அழவைக்க முடியும். அவ்வாறு அழுதவர் அழுகையினூடே அவன் நின்ற பக்கத்தையும் மன்னித்துவிடுவர். கண்ணீர் அத்தகைய வழக்கறிஞன். ஆசிரியர் அவ்வழக்கறிஞனை வாயிலிலேயே நிறுத்திவிட்டது பெரிய அடக்கம். முதல்வகைக் குரலிலோ அவ்வடக்கம் இல்லை. ‘இக்கதையை எழுதமாட்டேன்’ என்று அவர் திரும்பத்திரும்பச் சொல்வது, நூல் நம் கையிலே இருக்கையில் சலிப்பூட்டுகிறது. விருந்துக்கு அழைத்துவிட்டு, சமைக்கவா வேண்டாவா என்று அடுக்களையில் நின்று புலம்புவாரைப் போன்றது அது.

நூலில் எம் மனத்தைப் பெரிதும் கவர்ந்த பகுதி ஊரைப் பற்றியது. இபாஎர்னாண்டோவைச் சூழ்ந்த நிலங்களின் உண்மை முதலாளிகள் பிரபுக்கள். அவர்கள் மாட்ரிட் தலைநகரில் வாழ்ந்தனர். ஊரில் தலைகாட்டுவதே அரிது. ஊரில் இருந்தவரெல்லாரும் ஏழைகளே. ஆயினும் அவ்வேழைகளுள் பிரபுவினிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோர் சிலர். அதுவுமின்றி நாட்கூலிக்கு உழைத்தோர் பலர். குத்தகைக்காரர் தம்மைச் செல்வரென்று எண்ணிக்கொண்டனர். கூலியாளரும் அவர்களைச் செல்வரென்றே நம்பினர். 1936இன் வசந்தத்தில் எஸ்த்ரெமதூராவில் நிலமற்றோர் திரண்டு நிலங்களுட் புகுந்து ஏர்பூட்டியபோது குத்தகைக்காரர் அஞ்சினர். தம்மிலும் ஒருபடி கீழிருப்பவனைக் கண்டு அஞ்சி, ஆயிரம்படி மேலிருக்கும் பிரபுவின் பக்கம் சாய்ந்தனர். மேனாவின் குடும்பம் அத்தகைய குத்தகைக் குடும்பம். தனக்கு உரிமையில்லாத சொத்தைக் காக்கத் தன் மகனைப் பலி கொடுத்தது.

இதனை நம் நேயர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு காலத்தில் முதலாளி லண்டனில் இருந்தான். துரை பங்களாவில் இருந்தான். பிரட்டுக் களத்திலோ கங்காணியும் கூலியும் மட்டுமே நின்றனர். லயத்தில் இருந்தவன் கண்ட எதிரி கங்காணி. கங்காணி கண்ட எதிரி லயத்தில் இருந்தவன். லண்டன் கம்பெனியின் பங்குதாரன் எவர் கண்ணிலும் படவில்லை. ஸ்பெயின் வேறு, இவ்விடம் வேறு. இங்கே அவ்வகைப் போர் மூளவில்லை. ஆயினும் செர்க்காஸ் எழுதிய அவ்வத்தியாயத்தைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் எளிதில் விளங்கிக்கொள்வர். பேராசிரியர்க்கே சிறிது விளக்கவேண்டியிருக்கும்.

முன்னோரின் பட்டாள வாழ்க்கையைத் தேடுவார்க்கு ஸ்பெயினில் வழிகள் பல உண்டு. படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகளும் நடவடிக்கைப் பதிவுகளும் ஆவிலா நகரத்துப் பட்டாளப் பழஞ்சுவடி நிலையத்தில் உள்ளன. செகோவியாவில் அதிகாரிகளின் தனித்தனிக் கோப்புகளும், குவாதலஹாராவில் சாதாரணச் சிப்பாய்களின் பதிவுகளும் கைதிகளைக்கொண்டு வேலைவாங்கிய கூலிப்படைகளின் பதிவுகளும் இருக்கின்றன. வென்ற பக்கத்து அதிகாரியொருவனுக்கு அவன் சேர்ந்த நாளும் காயமுற்ற நாளும் மாண்ட நாளும் முறையாக மைகொண்டு எழுதப்பட்டிருக்கும். செர்க்காஸ் அவற்றைக்கொண்டே குடும்பத்தார் சொல்லிவந்த கதையைத் திருத்தினார். நினைவு பொய் சொல்லுமிடத்துக் காகிதமும், காகிதம் பிழைசெய்யுமிடத்து நினைவும் சாட்சியாயின.

தோற்ற பக்கத்தானுக்கோ? இவ்விடத்தில் நூல் சொல்லாததொன்றை நாம் சேர்த்துச் சொல்லவேண்டும். சலமன்கா நகரில் உள்நாட்டுப் போர் தஸ்தாவேஜுகளின் பெருநிலையம் ஒன்றுண்டு. 2007 முதல் அது ‘சரித்திர நினைவு தஸ்தாவேஜு மத்திய நிலையம்’ எனப் பெயர் பூண்டது. குடியரசின் பக்கம் நின்ற கட்சிகள், தொழிற்சங்கங்கள், ஆசிரியர்கள், சிப்பாய்கள் ஆகியோரின் காகிதங்கள் அங்கே மலைபோற் குவிந்துள்ளன. அவை எவ்வாறு வந்து சேர்ந்தன? பிராங்கோவின் படை நகர்தோறும் நுழைந்தபோதெல்லாம், அதன்பின் ஒரு தனி இலாகா வந்து காகிதங்களை மூட்டையாகக் கட்டி இரயிலேற்றி அங்கே அனுப்பிற்று. குமாஸ்தாக்கள் அவற்றிலிருந்து பெயர்களைப் பொறுக்கி அட்டைகளில் எழுதினர். பிடித்துத் தண்டிக்கவே அவ்வட்டைகள் எழுதப்பட்டன. இன்று குடியரசுச் சிப்பாயின் பேரன் தன் பாட்டன் இருந்தான் என்பதற்கு அத்தாட்சி தேடின், அவனைக் கொல்லத் தேடியவன் எழுதிய அட்டையே அத்தாட்சியாகிறது. உதவிப் பணத்தின் கதையும் அவ்வாறே. பிராங்கோவின் பக்கத்தில் கைகால் இழந்தோர்க்குப் பட்டமும் பணமும் உத்தியோகமும் கிடைத்தன. குடியரசின் பக்கத்தில் இழந்தோர்க்கு முறையான உதவிச் சட்டம் 1980இல்தான் வந்தது. நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஒரே போரிற் போன கால்களுள்ளும் மேலோர் கால், கீழோர் கால் என்று வருணாசிரமம் இருந்தது.

அட்டையுமற்றோர் பலர். 1936இல் பாதையோரங்களிற் சுட்டுக் குழியிற் தள்ளப்பட்டவர்களுக்குப் பட்டாளமுமில்லை, பதிவுமில்லை. எமிலியோ சில்வா என்னும் பத்திரிகையாளர் தம் பாட்டனைத் தேடியதை நேயர் அறிதல் வேண்டும். பிரியரன்சா என்னும் ஊரில் பாதையோரக் குழியொன்றை 2000ஆம் ஆண்டில் தோண்டச் செய்து பதின்மூவர் எலும்பை எடுத்தார். 2003இல் உடற்கூற்று நூலாரின் மரபணுச் சோதனையால் அவற்றுள் ஒன்று தம் பாட்டனுடையதென்று நிலைநாட்டினார். சரித்திர நினைவு மீட்புச் சங்கம் அதிலிருந்து பிறந்தது. நீதிபதி கார்சோன் 2008இல் இட்ட கட்டளையில் இவ்வாறு மறைந்துபோனோர் தொகை 1,14,226 எனக் கணக்கிட்டார். ஒரு பேரன் தஸ்தாவேஜு நிலையத்தில் ஏடு புரட்டுகிறான். மற்றொரு பேரன் மண்வெட்டியெடுத்து மண் புரட்டுகிறான். முன்னவனின் வெட்கமும் பின்னவனின் துக்கமும் ஒன்றல்ல. செர்க்காஸ் இவ்வேற்றுமையை உணராதவரல்லர்; கலகக்காரர் கையில் தந்தையை இழந்த ஊர் முதியவர் ஒருவரைச் சந்திக்கும் அத்தியாயம் அதற்குச் சான்று. எனினும் அம்முதியவரின் தந்தைக்கு நூலில் கிடைத்த இடம் சிறிது. மேனாவுக்குக் கிடைத்ததோ நூல் முழுவதும். இறந்த பின்னும் அதிகாரிக்கு ஒரு நாவலாசிரியப் பேரன் வாய்த்தான்.

சிலர் இந்நூலைப் பாசிசத்துக்கு வக்காலத்து என்று இகழ்ந்தனர். அது நேர்மையன்று. குடியரசின் பக்கமே நீதி இருந்தது என்பதை ஆசிரியர் ஐயமறச் சொல்லியிருக்கிறார். தனிமனிதன் ஒருவன் நல்லவனாக இருந்தும் தீய காரியத்துக்காக உயிர் கொடுக்கக்கூடும் என்பதே அவர் வாதம். அது மறுக்கவொண்ணாத உண்மை. கடைசி விடுமுறையில் ஊர்வந்த மேனா போரில் சலிப்புற்றவனாய் இருந்தான் என உறவினர் நினைவொன்றும் நூலில் வருகிறது. அதனை ஆசிரியர் சிறிது ஆசையோடு பற்றிக்கொள்கிறார் என்று எமக்குத் தோன்றுகிறது. பாட்டன் கடைசியிலாவது கண்திறந்தான் என்று சொல்ல எந்தப் பேரனுக்குத்தான் விருப்பமிராது? முத்திரை தேடுவோன் என்று தொடக்கத்திற் கூறினோமே, அவன் இங்கே ஒரு கணம் எட்டிப்பார்க்கிறான்.

இதனினும் ஆழமான கேள்வி வேறொன்று உண்டு. பாட்டன் தீய பக்கம் நின்றான் எனின் பேரனுக்கு அதில் என்ன? பிறப்பினால் உயர்வில்லை என்று நாம் பல்லாண்டாக முழங்கிவருகிறோம். பிறப்பினால் உயர்வில்லையேல் பிறப்பினால் இழிவும் இல்லை. பிராங்கோவின் அதிகாரிக்குப் பேரனாய்ப் பிறந்தது குற்றமாகாது. ஆதலின் செர்க்காஸின் வெட்கம் தர்க்கத்திற்கு ஒவ்வாதது என்று ஒரு நண்பர் எம்மிடம் வாதித்தார். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். மறுமுறை படித்தபோது எண்ணம் மாறிற்று. குற்றம் மரபுரிமையாய் வருவதில்லை. ஆனால் வீடு வருகிறது, நிலம் வருகிறது, படிப்பு வருகிறது, ‘எங்கள் குடும்பம்’ என்று சொல்லும்போது எழும் குரலின் கம்பீரம் வருகிறது. இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டு கணக்கை மட்டும் வேண்டாம் என்பது எவ்வகை நியாயம்? ஆண்ட பரம்பரை என்று மார்தட்டுவோர் நம்மிடையே உளர். அவர்தம் பாட்டன் யாரை ஆண்டான், ஆளப்பட்டவன் பேரன் இப்போது எங்கிருக்கிறான் என்று கேட்டால் மட்டும், ‘பழங்கதை எதற்கு’ என்பர். செர்க்காஸ் பழங்கதை எதற்கு என்னவில்லை. தம் மரபுரிமையைக் கடனோடு சேர்த்தே ஏற்கிறார். இத்துணிவுக்காகவே நம்மவர் இந்நூலைப் படிக்கவேண்டும்.

ஆயினும் நூலிலுள்ள ஒரு பெருங்குறையைச் சொல்லாமல் விட மனமில்லை. மேனா சேர்ந்தது ஈப்னித் துப்பாக்கிப் படை என்றோம். ஈப்னி என்பது ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்தில் ஸ்பெயின் 1934இல் கைக்கொண்ட சிறுநிலம். அங்கும் மொராக்கோவிலும் திரட்டிய முஸ்லிம் ஏழைகளே அப்படையின் சிப்பாய்கள், அதிகாரிகள் ஸ்பானியர். அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மொராக்கியர் பிராங்கோவுக்காகப் போரிட்டனர். பலாங்கேயின் கொள்கையில் மயங்கி அவர்கள் வரவில்லை. பஞ்சமும் பட்டாளச் சம்பளமுமே இழுத்து வந்தன. தம் நாட்டையே அடிமைகொண்ட தேசத்தார் இருபிரிவாய்ப் பொருதபோது, ஒரு பிரிவுக்காக மற்றொரு பிரிவைச் சுட்டனர். கலகக்காரர் அவர்களை முன்வரிசையில் ஏவினர். குடியரசின் பக்கத்தாரோ அவர்களைக் காட்டுமிராண்டிகளாகச் சித்திரம் தீட்டினர். மொராக்கோவுக்கு விடுதலை தருவதாகச் சொல்லி அவர்களைத் தம் பக்கம் இழுக்கும்படி மொராக்கியத் தேசியவாதிகள் வேண்டியும் குடியரசு அதற்கு இணங்கவில்லை. சமத்துவம் பேசியோரின் சமத்துவம் ஜிப்ரால்டர் ஜலசந்தியைத் தாண்டவில்லை. நாம் மதிக்கும் குடியரசின்மேல் இது ஒரு கறை. மதிக்கிறோம் என்பதற்காக மறைக்கலாகாது.

மேனாவின் கட்டளையில் குன்றேறி மாண்ட அச்சிப்பாய்கள் இந்நூலில் பின்னணியாகவே நிற்கின்றனர். பத்தொன்பது வயதுப் பையன் ஏமாற்றப்பட்டான் என்று ஆசிரியர் வருந்துவது மெய். அவனிலும் இளையோர் சிலர் அவன் விசிலுக்கு ஓடி மடிந்திருப்பர். ஏமாற்றப்பட்டவன் கையிலும் ஒரு விசில் இருந்தது. குத்தகைக்காரனுக்கும் கூலியாளனுக்கும் உள்ள போலி வேற்றுமையை ஊரில் அவ்வளவு கூர்மையாகக் கண்ட கண், பட்டாளத்துள் அதிகாரிக்கும் ஈப்னிச் சிப்பாய்க்கும் உள்ள மெய் வேற்றுமையின்மேல் அவ்வளவு நேரம் தங்கவில்லை. ஏகாதிபத்தியங்களின் பட்டாளங்களில் கூலிக்குச் சேர்ந்த முன்னோரை உடைய நாம் இதனைக் கவனியாமல் படிக்க இயலாது.

இறுதி அத்தியாயத்தில் ஆசிரியர் தம் தாயாரை அழைத்துக்கொண்டு போட் என்னும் ஊருக்குச் சென்று, மேனா உயிர்விட்ட வீட்டினுட் புகுகிறார். அதுவரை கட்டிவைத்த உணர்ச்சியையெல்லாம் அங்கே அவிழ்த்துவிடுகிறார். மாண்டோர் முற்றும் மாள்வதில்லை, நம் உடலில் அவர் தொடர்கின்றனர் என்னும் கருத்துப்பட நீண்ட வாக்கியங்கள் பெருக்கெடுக்கின்றன. பகுத்தறிவுக்குப் பொருந்த எழுதிவந்த ஒருவர் கடைசிப் பக்கங்களில் புரோகிதராகிவிட்டாரோ என்று ஐயுற்றோம். அப்பக்கங்களினும், அவ்வறைக்குள் முதிய தாயார் நிற்கும் நிலையே எமக்குப் போதுமாயிருந்தது. எண்பதாண்டு சுமந்த துக்கத்தோடு அவ்வம்மையார் நிற்கிறார். அவர் துக்கம் மெய்யானது. அவர் சிறிய தந்தை நின்ற பக்கம் தவறானது. இரண்டையும் ஓரறையில் நிறுத்தி, ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அழிக்காமல் விட்டது இந்நூலின் பெருமை.

போர்ப்பதிவுகளில் அதிகாரி பெயராலும் சிப்பாய்கள் பெரும்பாலும் தொகையாலும் குறிக்கப்படுவது எத்தேசத்துப் பட்டாளத்திற்கும் பொதுவான வழக்கம். ஈப்னி 1969இல் மொராக்கோவுக்குத் திரும்பக் கொடுக்கப்பட்டது. அங்கிருந்து ஒரு பேரன் புறப்பட்டு, ஆவிலா நகருக்கு வந்து, மேனாவின் பிரிவைச் சேர்ந்த அதே நாட்குறிப்பைத் தனக்கு எடுத்துத் தரும்படி கேட்பானாயின், அவன் பாட்டனைக் காட்ட அந்தப் பக்கத்தில் ஓர் எண் இருக்கலாம். அவ்வெண்ணிலிருந்து தொடங்கும் நூலை ஒருவர் எழுதுவாராயின் அதனையும் இப்பகுதியில் மதிப்பிடக் காத்திருக்கிறோம்.